வழக்கறிஞருக்குத் தொழில்முனைவு மனம் வேண்டுமா? கடலூர், புதுச்சேரி வழக்கறிஞர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் வழக்கு நடத்தும் எனக்கும், முள்ளோடையைத் தாண்டிப் புதுச்சேரி நீதிமன்றத்துக்குப் போய்வரும் என் நண்பர்களுக்கும் இளைய வழக்கறிஞர்களிடமிருந்து ஏறக்குறைய ஒரே மாதிரியான கேள்விகள் வருகின்றன. தொழிலை எப்படி வளர்ப்பது, விதியை மீறாமல் எவ்வளவு தூரம் போகலாம், கட்டணத்தை எப்படிக் கேட்பது என்பவை அவற்றுள் முக்கியமானவை. அவற்றுக்கான விடைகளை இங்கே எழுதியிருக்கிறேன். சட்ட நிலையோடு என் சொந்தக் கருத்தும் கலந்திருக்கிறது. எது எது என்பது படிக்கும்போதே விளங்கும்.

தொழில்முனைவு மனம் என்றால் வழக்கறிஞர் வியாபாரம் செய்ய வேண்டும் என்று பொருளா?

இல்லை, செய்யவும் கூடாது. இந்திய வழக்கறிஞர் கழக (பார் கவுன்சில்) விதிகளில் 47ஆம் விதி, வழக்கறிஞர் நேரடியாக எந்த வியாபாரத்திலும் ஈடுபடுவதைத் தடுக்கிறது. 1906ஆம் ஆண்டு தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் நிறுவனத்தை முன்னின்று தொடங்கிய வ.உ.சிதம்பரனார் ஒரு வழக்கறிஞர் என்பதை நினைத்துக்கொண்டால், இன்றைய விதி அவரை வக்கீல் அங்கியையோ கப்பலையோ விட்டுவிடச் சொல்லியிருக்கும் என்பது ஒரு வேடிக்கையான உண்மை.

நான் சொல்லும் தொழில்முனைவு மனம் வேறு. நம் ஊர்களில் பெரும்பாலான மக்கள் சம்மன் கையில் கிடைத்த பிறகுதான் வக்கீல் வீட்டுப் படியேறுகிறார்கள். கிரயப் பத்திரம் எழுதும்போது வராதவர், பதினைந்து ஆண்டு கழித்து அதே பத்திரத்தால் வந்த வழக்கோடு வருகிறார். அப்படி வருபவருக்காகக் காத்திருந்து, வழக்கு எண் வாங்கி, வாய்தா வாய்தாவாக நடத்துவது நாம் பழகிய முறை. இவர் ஏன் முன்பே வரவில்லை, என்ன செலவாகும் என்று தெரியாத அச்சமா, நாம் தரும் சேவையின் வடிவமே அவருக்குப் பொருந்தவில்லையா என்று கேட்டு, அதற்கேற்பத் தன் அலுவலகத்தை மாற்றிக்கொள்பவரையே தொழில்முனைவு மனம் உடையவர் என்கிறேன்.

விதிகள் எதையெல்லாம் அனுமதிக்கின்றன?

பலர் நினைப்பதைவிட அதிகமாகவே அனுமதிக்கின்றன. வியாபார நிறுவனம் ஒன்றில் நிர்வாகத்தில் தலையிடாத உறங்கும் பங்குதாரராக இருக்கலாம். ஆனால் அந்த வியாபாரம் தொழிலின் கண்ணியத்துக்கு ஒவ்வாதது அல்ல என்று மாநில வழக்கறிஞர் கழகம் கருத வேண்டும். 48ஆம் விதிப்படி ஒரு கம்பெனியின் இயக்குநராகவோ இயக்குநர் குழுவின் தலைவராகவோ இருக்கலாம். நிர்வாகப் பொறுப்பு எதையும் ஏற்கக் கூடாது. நிர்வாக இயக்குநராகவோ செயலராகவோ இருக்கவே கூடாது. பரம்பரையாக வந்த குடும்பத் தொழிலில் பங்கைத் தொடரலாம், ஆனால் அதன் நிர்வாகத்தில் நேரடியாக ஈடுபடக் கூடாது என்கிறது 50ஆம் விதி. பண்ருட்டியில் அப்பாவின் முந்திரி ஆலையில் பங்கு வைத்திருக்கும் வழக்கறிஞர்களுக்கு இந்த விதி மிகவும் பொருந்தும். மாலையில் ஆலைக்குப் போய்க் கல்லாவில் உட்கார்வது அந்த எல்லையைத் தாண்டுவதாகும்.

அதிகம் பயன்படுத்தப்படாத விதி 51. சட்டத் தேர்வுகளுக்கு மாணவர்களைத் தயார் செய்வது, சட்டப் பாடநூல்களுக்குச் சம்பளம் பெற்றுப் பதிப்பாசிரியராக இருப்பது, செய்தித்தாள்களுக்காகச் சட்டக் கண்ணோட்டத்தில் செய்திகளைச் சரிபார்ப்பது ஆகியவற்றை அது அனுமதிக்கிறது. விளம்பரத்துக்கும் முழுநேர வேலைக்கும் எதிரான விதிகளுக்கு உட்பட்டு, ஒலிபரப்பு, இதழியல், விரிவுரை, கற்பித்தல் ஆகியவற்றையும் அனுமதிக்கிறது.

விளம்பரம் செய்யக் கூடாதென்றால், புதிதாக வந்த என்னை யார் தேடி வருவார்கள்?

36ஆம் விதி வேலை தேடி விளம்பரம் செய்வதையும் தரகர் வைப்பதையும் தடுக்கிறது. 2008ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, பெயர், முகவரி, தொலைபேசி, மின்னஞ்சல், பதிவு விவரம், கல்வித் தகுதி, எந்தத் துறைகளில் வழக்கு நடத்துகிறோம் என்ற தகவல்களை இணையதளத்தில் தரலாம். இதில் ஒரு விசித்திரம் உண்டு. வாசலில் மாட்டும் பலகையில் ‘நிலப் பிரச்சினைகளில் சிறப்பு அனுபவம்’ என்று எழுத அதே விதி இடம் தரவில்லை. இணையப் பக்கத்தில் மட்டும் நடத்தும் துறைகளைக் குறிப்பிடலாம். சுவரில் ஆகாதது திரையில் ஆகும் என்பதற்கு நியாயம் கற்பிக்க என்னால் முடியவில்லை. ஆனாலும் விதி விதிதான்.

வழக்கறிஞர்களைப் பட்டியலிட்டு, நட்சத்திர மதிப்பெண் கொடுத்து, கட்டணம் வாங்கி முன்னிறுத்தும் இணையதளங்களை நம்பிப் பணம் கட்டாதீர்கள். 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், இவ்வகைத் தளங்கள் வழியாக வேலை தேடும் வழக்கறிஞர்கள் மீது நடவடிக்கை எடுக்குமாறு வழக்கறிஞர் கழகத்தை அறிவுறுத்தியது. மருத்துவமனை வாசலிலும் காவல் நிலைய வாசலிலும் நிற்கும் தரகர்களைப் பொறுத்தவரை, 2023ஆம் ஆண்டுத் திருத்தம் வழக்கறிஞர்கள் சட்டத்திலேயே 45A என்ற பிரிவைச் சேர்த்து, தரகர் பட்டியலில் பெயர் வந்த பின்னும் அத்தொழிலைச் செய்வதைத் தண்டனைக்குரியதாக்கியிருக்கிறது.

அப்படியானால் வழி என்ன? தமிழில் தெளிவாக எழுதுங்கள், பேசுங்கள். பட்டாவும் பத்திரமும் எப்படி வேறுபடுகின்றன, வில்லங்கச் சான்றில் எதைப் பார்க்க வேண்டும், காசோலை திரும்பினால் எத்தனை நாளில் என்ன செய்ய வேண்டும் என்பதையெல்லாம் சாதாரண மனிதருக்குப் புரியும்படி சொல்லும் வழக்கறிஞர்கள் நம் வட்டாரத்தில் மிகக் குறைவு. பேச்சின் முடிவில் முகவரி அட்டை நீட்டாமல் இருந்தால் போதும். புரியும்படி பேசியவரின் பெயரைக் கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள்.

கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் இன்னும் சரியாகக் கவனிக்கப்படாத வேலைகள் எவை?

முதலாவது, எல்லை. புதுச்சேரியின் பகுதிகளும் கடலூர், விழுப்புரம் மாவட்டங்களும் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடக்கின்றன. கடலூரில் குடியிருப்பவருக்குப் பாகூரில் வயல் இருக்கும். புதுச்சேரியில் கடை வைத்திருப்பவருக்குத் திருப்பாதிரிப்புலியூரில் வீடு இருக்கும். பதிவு அலுவலகம் வேறு, முத்திரைத்தாள் கட்டணம் வேறு, வருவாய்த்துறை ஆவணங்களின் அமைப்பு வேறு. ஆனால் உயர் நீதிமன்றம் ஒன்றே. தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி வழக்கறிஞர் கழகமும் ஒன்றே. இருபுறத்து ஆவணங்களையும் படிக்கத் தெரிந்த ஒருவர் ஒரே குடும்பத்துக்கு இரண்டு வக்கீல்களின் வேலையைச் செய்துவிட முடியும். இந்தப் பக்கம் இருப்பவர் அந்தப் பக்கத்தை ‘அது வேற ஸ்டேட்டுப்பா’ என்று ஒதுக்கிவிடுவதால்தான் இந்த இடம் காலியாகவே இருக்கிறது.

இரண்டாவது, புதுச்சேரியின் பிரெஞ்சு மரபு. 1954 நவம்பர் 1 அன்று நடைமுறையிலும், 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படியும் புதுச்சேரி இந்தியாவுக்கு மாற்றப்பட்டது. 1881ஆம் ஆண்டு ஆணையின்படித் தம் மதம், சாதி சார்ந்த தனிச்சட்டத்தைத் துறந்த ரெனோன்சான் குடும்பங்களின் வாரிசுரிமை பிரெஞ்சு சிவில் சட்டத்தைப் பின்பற்றுவது. பிரான்சில் குடியேறிவிட்ட உறவினர்களுக்குப் பங்கு இருக்கும் வீடுகள் பல தெருக்களில் உண்டு. பிரெஞ்சு மொழியில் எழுதப்பட்ட பழைய நோத்தேர் (நோட்டரி) பத்திரத்தைப் படிக்கத் தெரிந்தவர் அரிது. வெளிநாட்டில் எழுதப்பட்ட பவர் பத்திரம் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத்தீர்வை செலுத்தப்பட வேண்டும் என்பதைக் கவனிக்காமல் விட்டு, பிறகு அலைபவர்கள் உண்டு. இளையவர் ஒருவர் மாலை வேளைகளில் இரண்டு ஆண்டு பிரெஞ்சு படிப்பதை நான் முதலீடு என்றே சொல்வேன்.

மூன்றாவது, சிறு உற்பத்தியாளர்களுக்கு வர வேண்டிய பாக்கி. பண்ருட்டி முந்திரி ஆலைகளிலிருந்தும், கடலூர் சிப்காட்டையும் புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையையும் சார்ந்த சிறு பட்டறைகளிலிருந்தும் சரக்கு வாங்கிய வெளிமாநில வியாபாரி பணம் தராமல் இழுத்தடிப்பது பழைய கதை. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டத்தின்படி, குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்கியவர், ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் 45 நாள்களுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டியைப்போல் மூன்று மடங்கு, அதுவும் மாதந்தோறும் கூட்டுவட்டியாக ஏறும். வாங்கியவர் இந்தியாவில் எங்கே இருந்தாலும், விற்றவரின் ஊர், இந்தப் பாக்கித் தகராறுகளை விசாரிக்கும் எந்த வசதிமன்றத்தின் எல்லைக்குள் வருகிறதோ அங்கேயே முறையிடலாம். மன்றத்தின் தீர்ப்பை எதிர்க்க விரும்பினால், வாங்கியவர் முதலில் 75 விழுக்காட்டுத் தொகையைக் கட்ட வேண்டும். இவ்வளவு வலுவான ஏற்பாடு இருந்தும், சிறு உற்பத்தியாளர்கள் பலர் உத்யம் பதிவை (சிறு தொழில் நிறுவனம் என்ற அரசுப் பதிவை) உரிய காலத்தில் செய்யாமலும், சரக்கு ஏற்பு ரசீது வைக்காமலும் அந்த வலுவை இழக்கிறார்கள். வழக்கு நடத்துவதைவிட, ஆண்டுக்கு ஒருமுறை ஆலைக்குப் போய்க் காகிதங்களைச் சரிபார்த்துக் கொடுக்கும் வேலை அவர்களுக்குப் பெரிய உதவி. நமக்கும் நிலையான வருமானம்.

புதுச்சேரியின் விருந்தினர் இல்லங்களுக்குக் குத்தகை ஒப்பந்தம், உரிமம் போன்ற வேலைகளும் உள்ளன. அங்கே போட்டி ஏற்கெனவே இருப்பதால் விரிவாகச் சொல்லவில்லை.

கட்டணத்தை எப்படி முடிவு செய்வது? கேட்கவே கூச்சமாக இருக்கிறது.

‘பார்த்துக் கொடுங்க’ என்ற சொல் நம் தொழிலுக்குச் செய்த கெடுதலை எதிர்க்கட்சி வக்கீல்கூடச் செய்ததில்லை. அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டு, தீர்ப்பு வந்த பிறகு கட்சிக்காரர் நீட்டும் கவரைப் பிரித்துப் பார்த்து மனம் நொந்த அனுபவம் எனக்கும் உண்டு. தவறு அவருடையதன்று, என் விலை எனக்கே தெரியாதபோது அவருக்கு எப்படித் தெரியும்?

முதலில் உங்கள் அலுவலகச் செலவை எழுதுங்கள். உதாரணத்துக்கு, வாடகை, குமாஸ்தா சம்பளம், தட்டச்சு, நகல், பெட்ரோல் எல்லாம் சேர்த்து மாதம் 40,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நீதிமன்றத்தில் அழைப்புக்காகக் காத்திருக்கும் நேரத்தைக் கழித்துவிட்டு, உண்மையாகக் கட்சிக்காரருக்காக உழைக்கும் நேரம் மாதம் 100 மணி என்றால், ஒரு மணி நேரத்துக்கு 400 ரூபாய் என்பது வெறும் அடக்கவிலை. உங்கள் உழைப்பு அதற்கு மேல்தான் தொடங்குகிறது. இந்தக் கணக்கைப் போடாமல் 1,500 ரூபாய்க்குப் பத்திர ஆய்வு செய்து, அதற்கு ஐந்து மணி நேரம் செலவிடுபவர் தன் கைப்பணத்திலிருந்து கட்சிக்காரருக்கு 500 ரூபாய் கொடுக்கிறார்.

அடுத்து, வழக்கைக் கட்டங்களாகப் பிரியுங்கள். நோட்டீஸ், பிராது அல்லது பதிலுரை, சாட்சி விசாரணை, வாதம், நிறைவேற்று மனு என்று ஒவ்வொன்றுக்கும் தொகை எழுதி, எதில் நீதிமன்றக் கட்டணம் அடங்கும், எதில் அடங்காது என்பதையும் ஒரு தாளில் தமிழில் எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். கட்சிக்காரர் தரும் பணத்துக்குக் கணக்கு வைக்க வேண்டும், அது கட்டணமா செலவுக்கா என்று குறிக்க வேண்டும், அவருடைய எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் செலவுப் பணத்தைக் கட்டணமாக மாற்றக் கூடாது என்று 25, 26ஆம் விதிகள் சொல்வதால், இந்தத் தாள் உங்களையும் காக்கும்.

கட்டண பாக்கிக்காகக் கேஸ் கட்டைப் பிடித்து வைக்காதீர்கள். அந்த உரிமை வழக்கறிஞருக்கு இல்லை என்று 2000ஆம் ஆண்டில் ஆர்.டி.சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

விபத்து வழக்குகளில் நஷ்டஈட்டில் சதவீதம் பேசிக்கொள்வது துணிச்சலான தொழில்முனைவு ஆகாதா?

ஆகாது. வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதையும், கிடைக்கும் தொகையில் பங்கு பெறுவதையும் 20ஆம் விதி தடுக்கிறது. எல்லோரும் செய்கிறார்கள் என்பது ஒழுங்கு நடவடிக்கைக் குழுவின் முன் எடுபடும் வாதம் அன்று.

சமரசம் பெருகினால் நம் வருமானம் குறையாதா?

இந்த அச்சம் எனக்கும் இருந்தது. சென்னை உயர் நீதிமன்றம் 2005ஆம் ஆண்டில் சமரச மையத்தைத் தொடங்கியபோது மூத்தவர்கள் பலர் முகம் சுளித்தார்கள். இன்று நிலைமை வேறு. வணிக நீதிமன்றச் சட்டத்தின் 12A பிரிவின்படி, 3 லட்சம் ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள வணிகத் தகராறில், அவசர இடைக்கால நிவாரணம் தேவைப்பட்டாலொழிய, முதலில் சமரச முயற்சி செய்யாமல் வழக்குத் தொடுக்க முடியாது; இது கட்டாயம் என்று 2022ஆம் ஆண்டில் பட்டீல் ஆட்டோமேஷன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அங்கே ஏற்படும் உடன்பாட்டுக்கு நடுவர் தீர்ப்புக்கு நிகரான மதிப்பு உண்டு. அதன் பிறகு 2023ஆம் ஆண்டில் சமரசத்துக்கென்றே தனிச் சட்டமும் இயற்றப்பட்டுவிட்டது.

இந்தச் சமரச மேசையில் கட்சிக்காரரின் பக்கத்தில் உட்கார்ந்து எண்களைப் பேசத் தெரிந்த வழக்கறிஞர் தேவை. குறுக்கு விசாரணையில் புலியாக இருப்பவர் பேச்சுவார்த்தையில் பல நேரம் காரியத்தைக் கெடுத்துவிடுகிறார். எட்டு ஆண்டு வழக்குக்கான கட்டணம் நான்கு மாதச் சமரசத்தில் கிடைக்காது என்பது உண்மை. ஆனால் எட்டு ஆண்டு வழக்கில் கட்சிக்காரர் மூன்றாம் ஆண்டிலேயே பணம் தருவதை நிறுத்திவிடுவார் என்பதும் உண்மைதானே.

நான் ஜூனியர். வருமானமே இல்லாதபோது இதையெல்லாம் எப்படிச் செய்வது?

2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் இளம் வழக்கறிஞர்களுக்குச் சென்னை, கோவை, மதுரையில் மாதம் 20,000 ரூபாயும் மற்ற இடங்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்ச உதவித்தொகை தரப்பட வேண்டும் என்றது. அந்த உத்தரவு புதுச்சேரி தொடர்பான ஒரு வழக்கிலேயே பிறந்தது. நடைமுறையில் எத்தனை அலுவலகங்கள் அதைத் தருகின்றன என்பது உங்களுக்கே தெரியும். ஆகவே, இடைக்காலத்தில் உங்களிடம் இருக்கும் ஒரே மூலதனம் நேரம். அதை ஒரு குறிப்பிட்ட வேலையில் போடுங்கள்.

காசோலை வழக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். வங்கியின் திருப்பு மெமோ கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ், நோட்டீஸ் சேர்ந்த பின் பணம் தர 15 நாள், அதற்குப் பின் ஒரு மாதத்துக்குள் புகார். இந்த மூன்று தேதிகளையும் தானே கணக்கிட்டு நினைவூட்டும் ஓர் அட்டவணையைக் கணினியில் அமைத்து மூத்தவரிடம் கொடுத்துப் பாருங்கள். வக்காலத்தில் உங்கள் பெயரையும் சேர்க்கச் சொல்ல உங்களுக்கு வாய் வரும்.

செயற்கை நுண்ணறிவு மென்பொருள்களைப் பயன்படுத்தலாமா?

வரைவுக்கும் மொழிபெயர்ப்புக்கும் பயன்படுத்தலாம். மேற்கோள் தீர்ப்புகளுக்கு நம்பக் கூடாது. இல்லாத தீர்ப்பை இருப்பதுபோல் எழுதித் தரும் பழக்கம் அவற்றுக்கு உண்டு. 2023 ஜனவரி முதல் உச்ச நீதிமன்றத்தின் இ-எஸ்சிஆர் தளம் தீர்ப்புகளை இலவசமாகத் தருவதால், சரிபார்க்க வழியில்லை என்று இனி எவரும் சொல்ல முடியாது. கட்சிக்காரரின் பெயரும் ஆவணமும் அடங்கிய கோப்பை அப்படியே செயற்கை நுண்ணறிவு மென்பொருள்களில் ஏற்றாதீர்கள். அவர் நம்மிடம் சொன்னதை வெளியிடக் கூடாது என்ற கடமை பாரதிய சாட்சிய அதினியத்தின் 132ஆம் பிரிவில் இருக்கிறது. வாட்சப் குழுவுக்கும் அது பொருந்தும்.

பொறியாளரான என் நண்பரோடு சட்டத் தொழில்நுட்ப நிறுவனம் தொடங்க விரும்புகிறேன். முடியுமா?

வழக்கறிஞர் அல்லாதவரோடு கட்டணத்தைப் பங்கிடும் ஏற்பாடு எதற்கும் விதிகளில் இடமில்லை. நிறுவனத்தை நீங்களே முழுநேரம் நடத்தப் போகிறீர்கள் என்றால், அசல் பதிவுச் சான்றிதழோடு வழக்கறிஞர் கழகத்துக்குத் தெரிவித்துத் வழக்கறிஞர் தொழிலை நீங்களாகவே நிறுத்தி வைத்துவிட்டுச் செய்யுங்கள். பின்னர் விண்ணப்பித்துத் திரும்பி வரலாம். இரண்டு படகிலும் கால் வைத்து, கம்பெனி ஆவணத்தில் மட்டும் மனைவி பெயரைப் போடுவது நம் ஊரில் வழக்கம். தகராறு வந்தால் முதலில் அதை வெளியே சொல்பவர் அந்த நண்பராகத்தான் இருப்பார்.

எனக்கு அறுபத்தைந்து வயது. பிள்ளைகள் யாரும் சட்டம் படிக்கவில்லை. இந்த அலுவலகத்தை என்ன செய்வது?

கடையைப்போல் கைமாற்றிவிட முடியாது. ஒவ்வொரு கட்சிக்காரரும் தாமே புதிய வழக்கறிஞரைத் தேர்ந்தெடுத்து வக்காலத்துத் தர வேண்டும். எனவே இன்னும் உடலில் தெம்பு இருக்கும்போதே நம்பிக்கையான ஜூனியர் ஒருவரைப் பங்காளியாக்கி, இரண்டு மூன்று ஆண்டு கட்சிக்காரர்கள் முன்னிலையில் அவரைப் பேச விடுங்கள். குமாஸ்தாவின் தலைக்குள் மட்டும் இருக்கும் விவரங்களைப் பதிவேட்டில் ஏற்றுங்கள். முடிந்த வழக்குகளின் மூலப்பத்திரங்களைக் கையொப்பம் வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுங்கள்.

என் மூத்தவர் திடீரென்று காலமானபோது, அவருடைய பீரோவில் பெயர் எழுதாத மஞ்சள் பைகளில் பதினெட்டுக் குடும்பங்களின் பத்திரங்கள் இருந்தன. நானும் குமாஸ்தாவும் சர்வே எண்ணை வைத்து ஊர் ஊராகத் தேடி, ஆறு மாதத்தில் பதினாறு பைகளை ஒப்படைத்தோம். மற்ற இரண்டும் என் பீரோவில் இருக்கின்றன. அவற்றின் மேல் சர்வே எண்ணும், அவை என்னிடம் வந்த தேதியும் எழுதி ஒட்டியிருக்கிறேன்.